கிரேக்கச் சொல் அட்டைப் பெட்டி: வாங்கலாம், இஞ்சி அட்டையைத் திருத்திக்கொள்ளுங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு புத்தகக் கடையில் மகளுக்காக இதை வாங்கி மூன்று மாதம் ஆகிறது, விலை 240 ரேண்ட். அட்டையின் முன்பக்கம் நாம் தினமும் சொல்கிற ஒரு ஆங்கிலச் சொல் அல்லது ஆள் பேர் இருக்கும், திருப்பினால் கிரேக்கத்தில் அதற்கு என்ன பொருள் என்று நாலு வரி. இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆளுக்கு ஒன்றாக எடுத்து, பொருளைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறோம். சனிக்கிழமை வகுப்பில் மட்டும் தமிழ் கேட்கிற பிள்ளைக்கு இது இவ்வளவு உதவும் என்று நான் நினைக்கவே இல்லை. டெலி என்றால் தூரம், போன் என்றால் குரல் என்று படித்ததும் 'தொலைபேசி' அவளுக்குத் தானாகவே பிரிந்து விளங்கிவிட்டது.

ஹிப்போபொட்டமஸ் அட்டையில் ஹிப்போஸ் குதிரை, பொட்டமோஸ் ஆறு. இங்கே கடற்கரையோரம் இருக்கிற செயின்ட் லூசியாவில் படகில் போனபோது அவள் அதைப் பார்த்திருக்கிறாள், தண்ணீருக்கு மேலே காதும் கண்ணும் மூக்கும் மட்டும். "இதில் குதிரை எங்கேப்பா?" என்றாள். நாம் நீர்யானை என்கிறோம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, நம்ம பேர்தான் சரி என்றாள். இரண்டு நாள் கழித்து பிலிப் வந்தது, குதிரையை நேசிப்பவர். அவளே ஓடிப்போய் பழைய அட்டையைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தாள், இரண்டிலும் ஒரே குதிரை!

பேர்களில் ஜார்ஜ் உழவர், ஐரீன் அமைதி, மார்கரெட் முத்து. டர்பனில் நம்மவர்கள் நிறைய இருக்கிற சாட்ஸ்வொர்த்தில் ஒரே தெருவில் மார்கரெட் ஆன்ட்டியும் இருப்பார், முத்தம்மா ஆயாவும் இருப்பார், இரண்டும் ஒரே பேர் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. தோட்டத்து அகபாந்தஸ் அன்புப் பூவாம்.

குறை என்றால் ஜிஞ்சர் அட்டைதான். 'ஜிங்கிபெரிஸ்' என்ற கிரேக்கச் சொல்லோடு நின்றுவிடுகிறது. அந்தச் சொல் கிரேக்கர்களுக்குப் போனதே இந்தியாவிலிருந்து, பிராகிருதம் வழியாக. அதற்குள் இருப்பது நம்முடைய இஞ்சிதான் என்று மொழி ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். 1860இல் சென்னையிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வழியில் பிறந்த பிள்ளை படிக்கிற அட்டையில் அது இல்லாதது எனக்கு மனசு கேட்கவில்லை. நீல மையில் 'இஞ்சி' என்று அடியில் எழுதிவைத்தேன். அட்டையும் மெலிசு, ஓரம் இப்போதே சுருள ஆரம்பித்துவிட்டது.

இன்னொன்று, நாங்கள் இருப்பது டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில், அந்தச் சொல்லுக்கு அட்டையே இல்லை. சாம்பலிலிருந்து எழுகிற பறவை, கிரேக்கத்தில் அதே சொல் பேரீச்சைக்கும் உண்டு. காந்தி 1904இல் இங்கே தொடங்கிய குடியிருப்பு 1985 கலவரத்தில் எரிந்து, மறுபடி கட்டி 2000இல் திறந்தார்கள். சரி, நாமே செய்வோம் என்று காலண்டர் அட்டையை வெட்டிக் கொடுத்தேன். முன்பக்கம் அவள் பறவை வரைந்திருக்கிறாள், பின்பக்கம் மூன்று வருடங்களையும் எழுதி, கீழே 'எங்கள் ஊர்' என்று தமிழில்.