எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்வரை எல்லோருக்கும் கருத்துச் சுதந்திரம் பிடிக்கும்

இணையத்தில் அரசியல் எழுதினால் முதல் பின்னூட்டத்திலேயே ஒரு கட்சி அட்டையை நம் கையில் திணித்துவிடுவார்கள். காலையில் ஜி.எஸ்.டி.யைத் திட்டினால் உ.பி. (தி.மு.க. உடன்பிறப்பு), மாலையில் டாஸ்மாக்கைத் திட்டினால் சங்கி (பா.ஜ.க. ஆள்). எனக்கு இரண்டு பட்டமும் ஒரே நாளில் கிடைத்திருக்கின்றன. நான் லிபர்டேரியன், அதாவது அரசாங்கம் நம் வாயிலும் பையிலும் எவ்வளவு குறைவாகக் கைவைக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நினைக்கிற ஆசாமி என்றால், "அதெல்லாம் இருக்கட்டும், ஓட்டு யாருக்கு?" என்றுதான் அடுத்த கேள்வி வருகிறது. நியாயமான கேள்விதான். எல்லா விஷயத்தையும் வைத்து அளக்க இங்கே இடமில்லை, அதனால் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: எழுதியதற்காகப் போலீஸ் வீட்டுக்கு வருமா, வராதா?

முதலில் காங்கிரஸ். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு இவர்கள் கைங்கரியம். மும்பைத் தாக்குதல் நடந்த அடுத்த மாதம், 2008 டிசம்பரில், மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறிய திருத்தம் அது. எரிச்சல், அசௌகரியம் என்று எப்படி வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளக்கூடிய சொற்களை வைத்து 3 ஆண்டு வரை உள்ளே தள்ள வழிசெய்தது. 2012 அக்டோபரில் புதுச்சேரியில் சிறு தொழில் நடத்திவந்த ஒருவர், அப்போதைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதியதற்காகக் கைதானார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் அன்றைக்கு 16 பேர். டீக்கடையில் சொல்லியிருந்தால் இன்னும் அதிகம் பேர் கேட்டிருப்பார்கள். அடுத்த மாதமே மகாராஷ்டிரத்தின் பால்கரில், பால் தாக்கரே இறந்ததற்கு ஊரை ஏன் அடைக்க வேண்டும் என்று கேட்ட பெண்ணைப் பிடித்தார்கள். அதற்கு லைக் போட்ட தோழியையும் சேர்த்துப் பிடித்தார்கள். அங்கேயும் அப்போது காங்கிரஸ் கூட்டணி ஆட்சிதான்.

பா.ஜ.க. அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? 2012 ஆகஸ்டில் மன்மோகன் அரசு சில ட்விட்டர் கணக்குகளை முடக்கியபோது, குஜராத் முதல்வராக இருந்த மோடி தன் ட்விட்டர் படத்தையே கறுப்பாக்கி எதிர்ப்பைக் காட்டினார். நானும் அன்றைக்குக் கை தட்டினேன், மறைப்பானேன். இரண்டு ஆண்டு கழித்து அதே மோடி அரசின் வழக்கறிஞர்கள் உச்ச நீதிமன்றத்தில் 66ஏ-வுக்கு முட்டுக் கொடுத்தார்கள், தவறாகப் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று உத்தரவாதம் வேறு. நீதிமன்றம் அதை நம்பாமல் 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவைத் தூக்கி எறிந்தது. அப்புறம் 2021இல் புதிய ஐ.டி. விதிகள் வந்தன. மத்திய அரசைப் பற்றிய செய்தி பொய்யா மெய்யா என்று மத்திய அரசே முத்திரை குத்த ஓர் அமைப்பை வைத்துக்கொள்ளும்படி 2023இல் அந்த விதிகளில் திருத்தம் வந்தது. பரீட்சை எழுதியவனே பேப்பர் திருத்தும் இந்த ஏற்பாட்டை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

தேசத்துரோகச் சட்டத்திலும் இதே கூத்து. 124ஏ-வை நீக்குவோம் என்று 2019 தேர்தல் அறிக்கையில் காங்கிரஸ் எழுதியது. ஆனால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம் என்று அந்தக் குற்றத்தை மாற்றியது இந்திரா காலத்து 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டம், 2004 முதல் 2014 வரை பத்து ஆண்டு ஆண்டபோதும் யாரும் அதைத் தொடவில்லை. பா.ஜ.க.வோ 124ஏ-வை ஒழித்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டே புதிய சட்டத்தில் 152 என்று ஒரு பிரிவை உட்கார வைத்தது. ஆயுள், இல்லாவிட்டால் 3 ஆண்டு வரை என்று இருந்த தண்டனை இப்போது ஆயுள், இல்லாவிட்டால் 7 ஆண்டு வரை. என் கணக்கில் கத்தியை அடித்துக் கொடுத்தது காங்கிரஸ், சாணை பிடித்து வைத்திருப்பது பா.ஜ.க. இன்றைய தேதிக்கு யார் அதிக ஆபத்து என்று கேட்டால் பா.ஜ.க. என்பேன், கத்தி அவர்கள் கையில் இருப்பதால் மட்டும்.

நம்மூருக்கு வருவோம். ஜெயலலிதா ஆட்சியில் அரசு போட்ட அவதூறு வழக்குகள் ஐந்தே ஆண்டில் 200ஐத் தாண்டின. டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய பாடகர் கோவனை 2015 அக்டோபரில் தேசத்துரோகப் பிரிவில் பிடித்தார்கள். சாராயக் கடையை மூடு என்றால் எந்தத் தேசத்துக்கு என்ன துரோகம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. 2017இல் எடப்பாடி ஆட்சியில் கார்ட்டூனிஸ்ட் பாலா கைது. தி.மு.க. 2021இல் வந்ததும் பத்திரிகையாளர்கள் மீதிருந்த அவதூறு வழக்குகளைத் திரும்பப் பெற்றது, அதற்கு ஒரு மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் 2024 மே மாதம் யூடியூபர் சவுக்கு சங்கரைக் குண்டர் சட்டத்தில் அடைத்ததும் அதே ஆட்சிதான். பெண் போலீசாரைப் பற்றி அவர் பேசியது கேவலமான பேச்சு, அதற்கு வழக்குப் போடுங்கள், வாதாடுங்கள். விசாரணை இல்லாமல் ஓர் ஆண்டு அடைத்து வைக்கலாம் என்கிற சட்டத்தை எதற்கு எடுக்க வேண்டும்? ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த சட்டம், 2014இல் ஜெயலலிதா ஆட்சியில் இணையக் குற்றங்களையும் அதில் சேர்த்தார்கள், 2024இல் தி.மு.க. எடுத்துப் பயன்படுத்தியது. ஒரு வீட்டு அம்மிக்கல் மாதிரி மாமியாரிடமிருந்து மருமகளுக்கு.

கோவன் கைதானபோது அந்தப் பாட்டை எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஒரே நாளில் மூன்று முறை பகிர்ந்தவன் ஒருத்தன் இருக்கிறான், நெருங்கிய நண்பன். சங்கர் விஷயத்தில் நான் மேலே எழுதியதைத்தான் குழுவில் எழுதினேன். "மச்சான், இவனும் அவரும் ஒண்ணாடா?" என்று கேட்டான். ஒன்று இல்லைதான். ஆளைப் பார்த்துச் சட்டத்தை அளக்காதே என்பதுதான் நான் சொன்னதும். அதற்குள் இன்னொருத்தன் வந்து, "அப்போ கோவனுக்கும் நீ முட்டுக் கொடுப்பியா, அர்பன் நக்சல்" என்றான். இவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பிளாக் செய்தவர்கள், அன்றைக்கு என் விஷயத்தில் ஒன்று சேர்ந்தார்கள்.

சரி, நாலு கட்சியும் வேண்டாம், தனிக் கடை போடலாமே? ஒரு தடவை போட்டார்கள். 1959இல் ராஜாஜி தொடங்கிய சுதந்திரா கட்சி, தொழில் செய்ய எதற்கெடுத்தாலும் அரசு அனுமதி கேட்கும் பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யத்தை எதிர்த்து 1967இல் மக்களவையில் 44 இடம் பிடித்தது. (சுதந்திரம் பேசிய அதே ராஜாஜிதான் 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர். நம் ஆட்கள் யாரும் சுத்தத் தங்கம் இல்லை.) இன்றைக்கு அப்படி ஒரு கட்சியைப் பதிவு செய்யப் போனால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவுப்படி சோஷலிசத்துக்கு விசுவாசமாக இருப்போம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதாவது கட்சியின் முதல் காகிதமே பொய்.

நோட்டா? 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் பா.ஜ.க.வைவிட நோட்டாவுக்கு அதிக ஓட்டு விழுந்தது, ரசிக்கலாம். ஆனால் நோட்டா முதலிடத்துக்கே வந்தாலும் அடுத்து வந்தவர்தான் எம்.எல்.ஏ.

மிச்சம் இருப்பது, யாருக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காதபடி ஓட்டைப் போடுவது. லைசென்ஸ் ராஜ்யத்தை 1991இல் உடைக்கத் தொடங்கியது பெரும்பான்மை இல்லாத நரசிம்ம ராவ் அரசு. 2024இல் பா.ஜ.க. தனிப் பெரும்பான்மை இல்லாமல் 240 இடத்தில் நின்றபிறகு, யூடியூபர்களையும் வளைக்கப் பார்த்த ஒளிபரப்பு மசோதா வரைவை இரண்டே மாதத்தில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆனால் 66ஏ-வைக் கொண்டுவந்ததும் ஒரு கூட்டணி அரசுதானே என்று கேட்பீர்கள். ஆமாம். அதனால்தான் ஒவ்வொரு தேர்தலிலும் எங்கள் தொகுதியில் யார் ஜெயிப்பார் என்று விசாரித்துவிட்டு, இரண்டாவதாக வருவார் என்று தோன்றுகிறவருக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறேன். போன முறை என் கணக்குத் தப்பி, அவரே ஜெயித்துவிட்டார்.