மடக்குப் படகு வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை: விளம்பரத்தில் 350 கிலோ, ஆற்றில் வேறு கணக்கு

மீன்பிடிக்கவும் முகாமிடவும் ஏற்றது என்று சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்யப்படும் மடக்குப் படகு ஒன்றை 4,000 ரிங்கிட்டுக்கும் சற்று அதிகமாகக் கொடுத்து வாங்கினேன். முதல் பயணத்திலேயே அது பயன்படாமல் போயிற்று. பணத்தைத் திரும்பப் பெற இப்போது பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்திருக்கிறேன். விசாரணை முடியாத நிலையில் விற்பனையாளரின் பெயரை வெளியிடுவது முறையன்று. எனினும் அதே படகு, அதே படங்களுடன், வேறொரு பெயரில் மீண்டும் விற்பனைக்கு வந்திருக்கிறது. தாங்கும் எடை மட்டும் 350 கிலோவிலிருந்து 400 கிலோவாக உயர்ந்துள்ளது. இதைக் கண்ட பிறகும் பேசாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

பட்டர்வொர்த்தில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவனுக்கு ஃபைபர் படகு ஒத்துவராது. அதற்கு இழுவை வண்டி வேண்டும், அதை நிறுத்த இடம் வேண்டும், அந்த இடத்துக்கு வாடகையும் வேண்டும். நானும் என் மைத்துனரும் ஒரு நண்பரும் நிபோங் திபாலை ஒட்டி ஓடும் கிரியான் ஆற்றில் ஊடாங் காலா இறால் பிடிக்கப் போவதுண்டு; நீண்ட விடுமுறை கிடைத்தால் கிரிக் வழியாகத் தெமெங்கோர் ஏரிக்குச் சென்று கரையில் கூடாரம் போடுவதுண்டு. காற்றடைக்கும் பிவிசி படகை நாங்கள் தவிர்த்ததற்குக் காரணம் இருந்தது. தெமெங்கோர் அணை நீரில் மூழ்கிய மரங்களின் கட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒளிந்து நிற்கும். மேலும், பசையால் ஒட்டப்பட்ட பிவிசி இணைப்புகள் நம் வெயிலிலும், மூடிய காரின் சூட்டிலும் சில ஆண்டுகளில் விட்டுக்கொடுக்கத் தொடங்கும். ஆகவே கெட்டியான பிளாஸ்டிக் தகட்டால் ஆன, தட்டையாக மடித்துக் காரின் கூரைமேல் கட்டக்கூடிய படகே எங்களுக்குப் பொருத்தமானது என்று முடிவு செய்தோம். அந்த முடிவில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

மடக்குப் படகு என்றாலே பலவீனமானது என்று இதைப் படிப்பவர் எண்ணிவிடக்கூடாது. ஜெர்மனியின் ரோசன்ஹைம் நகரிலிருந்து 1907 முதல் கிளெப்பர் மடக்குப் படகுகள் வந்துகொண்டிருந்தன. 1956இல் ஹான்னஸ் லிண்டெமான் என்ற மருத்துவர் அத்தகைய படகொன்றில் தனியாக அட்லாண்டிக் பெருங்கடலையே கடந்தார். அமெரிக்காவின் போர்ட்டா-போட் வகையில் படகின் உடல் பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கின் கனமான தகட்டால் ஆனது. மடித்தால் சுமார் நான்கு அங்குலத் தடிமனுக்கு அடங்கிவிடும். பாலிப்ரோப்பிலீன் இதற்கு ஏற்றதாக இருப்பதற்கு அதன் ஓர் இயல்பே காரணம்: ஒரே இடத்தில் பல்லாயிரம் முறை மடித்து விரித்தாலும் அந்த மடிப்பு எளிதில் விரிசல் விடாது. தகடு கெட்டியாகவும், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் கலந்ததாகவும் இருந்தால்தான் இந்த நன்மை நிலைக்கும்.

விற்பனையாளர் எனக்கு எழுதிக் கொடுத்தது இதைத்தான்: ஒரே துண்டான கெட்டிப் பாலிப்ரோப்பிலீன் தகடு, எடை 24 கிலோ, நான்கு பெரியவர்கள், 6 குதிரைத்திறன் எஞ்சின், ஐந்து நிமிடத்தில் விரித்துவிடலாம். கிடங்கு கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பதாகவும், நேரில் வந்து பார்க்க அனுமதி இல்லை என்றும், பாதித் தொகை செலுத்தினால் பினாங்குக்கு அனுப்பிவைப்பதாகவும் புலனத்தில் (வாட்ஸ்அப்) உறுதி கூறினார். நிறுவனத்தின் பதிவு எண்ணை நான் கேட்டபோது தயங்காமல் கொடுத்தார். எண் உண்மையானதே, பின்னர் சரிபார்த்தபோது அது கைப்பேசி உபரிப்பொருள் விற்பனைக்காகப் பதிவான வணிகம் என்று தெரிந்தது. ஆனாலும் அந்த எண் கையில் இருந்ததால்தான் இன்று மனுவில் எதிர்த்தரப்பு என்று ஒருவரைக் குறிப்பிட முடிந்திருக்கிறது.

படகு வந்து சேர்ந்ததும் நாங்கள் முதலில் கவனித்தது எடையை. இருக்கைகள், எஞ்சின் மாட்டும் பின்பலகை, தரைப்பலகை எல்லாம் சேர்த்து 39 கிலோ இருந்தது. 24 கிலோ என்பது வெறும் உடலின் எடையாம். சரி, அதைப் பெரிய குறையாகச் சொல்லமாட்டேன். இருவர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். இரண்டாவது குறைதான் அடிப்படையானது. தகட்டின் ஓரங்கள் எல்லாம் கறுப்பு ரப்பர் பட்டையால் மூடப்பட்டிருந்தன. ஒரு மூலையில் பட்டையை விலக்கிப் பார்த்தபோது உள்ளே வரிசையாகச் சிறு குழல்கள் தெரிந்தன. அதாவது கெட்டித் தகடு இல்லை. தேர்தல் காலத்தில் மின்கம்பங்களில் கட்டுகிறார்களே, அந்த விளம்பர அட்டையைப் போன்று இரண்டு மெல்லிய தோல்களுக்கு நடுவே வெற்றிடம் உள்ள தகடு. துடுப்பு போடும் ஒருவர் அமரக்கூடிய இலகுவான கயாக் செய்வதற்கு இத்தகைய தகடு மிக நல்லது. புகழ்பெற்ற மடக்குக் கயாக்குகள் இதில்தான் செய்யப்படுகின்றன. எஞ்சினைத் திருகிப் பூட்டி, அதன் உந்துவிசை முழுவதையும் பின்பலகையின் சில ரிவெட்டுகள் தாங்கவேண்டிய படகுக்கு அது ஏற்றதன்று.

பின்பலகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் விளம்பரப் படங்களில் யாரும் உற்றுப் பார்க்காத பகுதி அது. குட்டைத் தண்டு எஞ்சின்களுக்குப் பின்பலகையின் உயரம் 38 சென்டிமீட்டர், அதாவது 15 அங்குலம் இருப்பது வழக்கம். எங்களுக்கு வந்ததில் எஞ்சின் மாட்டும் இடத்தில் அது 31 சென்டிமீட்டர்தான். 7 சென்டிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். ஆனால் 5 குதிரைத்திறன் நான்கு வீச்சு எஞ்சின் ஏறக்குறைய 25 கிலோ. அதை இயக்குபவரும் பின்னால்தான் அமர்வார். ஆகப் படகின் எடையெல்லாம் பின்பக்கம் குவிய, அந்த 7 சென்டிமீட்டர்தான் அலை உள்ளே வருவதற்கும் வராமல் இருப்பதற்கும் இடையிலான எல்லை ஆகிவிடுகிறது. பலகையும் கடல் தரப் பிளைவுட் அன்று. சாயம் பூசியிருந்தாலும், போல்ட் துளைகளின் உட்புறம் பூச்சில்லாத வெறும் மரமாகவே விடப்பட்டிருந்தது. அந்த வழியாக நீர் புகுந்து அடுக்குகள் உப்பத் தொடங்க ஒரு நாள் போதுமானதாக இருந்தது.

கிரியான் ஆற்றில் மூவரும் ஏறி, எஞ்சினை முடுக்கிய சிறிது நேரத்தில், “மச்சான், கொஞ்சம் முன்னால வாங்க, பின்னால தண்ணி ஏறுது” என்று மைத்துனர் குரல் கொடுத்தார். அலையே இல்லாத நீரில் பின்பலகைக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளிதான் இருந்தது. வேகத்தைக் கூட்டியபோது பின்பலகை பின்னோக்கி வளைந்து, ரிவெட்டுகளைச் சுற்றித் தகட்டின் தோல் வெளுத்துக் கிழியத் தொடங்கியது. கிழிந்த இடத்தில் புகுந்த நீர் நேராகப் படகுக்குள் வராமல் தகட்டின் குழல்களுக்குள் ஓடியது. எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவும் முடியவில்லை, அந்த நீரை இறைத்து வெளியேற்றவும் முடியவில்லை. கரை அருகிலேயே இருந்ததால் துடுப்புப் போட்டு ஒதுங்கினோம். இதே நிலை தெமெங்கோரில், கரை கண்ணுக்கெட்டாத் தொலைவில் ஏற்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை.

படகுடன் இலவசமாக வந்த மிதவை அங்கிகளில் எத்தனை நியூட்டன் மிதப்பு என்ற குறிப்பே இல்லை. ஐஎஸ்ஓ 12402 தரத்தில் 50 நியூட்டன் என்பது நீந்தத் தெரிந்து, உதவியும் அருகில் இருப்பவருக்கு மட்டுமே. அமைதியான ஒதுக்குப்புற நீருக்கே 100 நியூட்டன் சொல்லப்படுகிறது. நல்லவேளையாக, நாங்கள் எங்கள் சொந்த அங்கிகளையே அணிந்திருந்தோம்.

விற்பனையாளரின் பதில்கள் படிப்படியாக மாறின. முதலில் எஞ்சினின் அதிர்வே காரணம் என்றார். 6 குதிரைத்திறன் வரை தாங்கும் என்று அவர் எழுதியதையும், நாங்கள் மாட்டியது 5 குதிரைத்திறன் என்பதையும் காட்டியபோது, எடையைச் சீராகப் பரப்பவில்லை என்றார். அதன்பின் விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்ற வரியை ரசீதிலிருந்து படம்பிடித்து அனுப்பினார். இறுதியாகப் பெரிய மனதுடன் பழுதுபார்க்கும் பெட்டி ஒன்றை அஞ்சலில் அனுப்பிவைத்தார். அதில் இருந்தது பிவிசி பசையும் பிவிசி ஒட்டுத் துண்டுகளும். பாலிப்ரோப்பிலீன் மீது அந்தப் பசை பிடிக்கவே பிடிக்காது. அதன் மேற்பரப்பு எந்தச் சாதாரணப் பசையையும் ஏற்காது, சூடான காற்றால் உருக்கித்தான் இணைக்கவேண்டும். தான் விற்பது எந்தப் பொருளால் ஆனது என்பதே அவருக்குத் தெரியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

350 கிலோ என்ற எண்ணைப் பற்றிக் கேட்டபோது, அது படகு மூழ்காமல் தாங்கும் எடை என்று எழுதினார். விளிம்புவரை நீர் ஏறும்வரை தாங்கும் எடையும், பாதுகாப்பாகப் பயணம் செய்யக்கூடிய எடையும் ஒன்றல்ல. சொல்லப்போனால், அந்த எண்ணை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் விளம்பரம் தன்னையே மறுக்கிறது. 75 கிலோ வீதம் நான்கு பேர் என்றால் 300 கிலோ போய்விடும். எஞ்சினுக்கு 25, 12 லிட்டர் பெட்ரோலுக்கு 9, பனிக்கட்டியுடன் மீன்பெட்டிக்கு 20 என்று சேர்த்தாலே கணக்கு 350ஐத் தாண்டிவிடுகிறது. கூடாரம், அடுப்பு, குடிநீர், நங்கூரம் இன்னும் ஏறவில்லை. மின் எஞ்சின் பயன்படுத்துவோர் 100 ஆம்பியர்-மணி ஈய மின்கலத்துக்கு மேலும் முப்பது கிலோவை ஒதுக்கவேண்டும். முகாம் சாமான்களுடன் மூன்று பேர் போவதற்கே உண்மையான 350 கிலோ படகு தேவைப்படும் என்பது என் கணிப்பு.

முறையாகத் தயாரித்த படகில் ஐஎஸ்ஓ 14945 தரத்தின்படி தயாரிப்பாளர் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். தயாரிப்பாளரின் பெயர், எத்தனை பேர், அதிகபட்ச எடை எவ்வளவு, எந்த வகை நீருக்கு ஏற்றது ஆகியவை அதில் இருக்கும். இவ்வளவு சிறிய மடக்குப் படகுகள் பெரும்பாலும் டி பிரிவில் அடங்கும். அதாவது பியூஃபோர்ட் அளவில் 4 வரையிலான காற்றும், அரை மீட்டரைத் தாண்டாத அலையும் உள்ள ஒதுக்குப்புற நீர். பினாங்கின் தெலுக் பஹாங், கெர்த்தாக் சங்குல் போன்ற திறந்த கடலோரங்களில், அதுவும் சுமத்திராக் காற்று விடியற்காலையில் திடீரென வந்து அடிக்கும் மாதங்களில், அந்தப் படகுக்கு வேலையில்லை. என் படகில் இருந்தது தகடு அன்று, பெயரில்லாத ஒட்டுத்தாள். வாங்குமுன் அந்தத் தயாரிப்பாளர் தகட்டின் படத்தையும், ஓரப்பட்டையை நீக்கிய உடல் தகட்டின் வெட்டுமுகப் படத்தையும், பின்பலகையில் அளவுநாடா வைத்த படத்தையும் கேளுங்கள். நேர்மையான விற்பனையாளருக்கு இம்மூன்றும் ஐந்து நிமிட வேலை. பணத்தை வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பாமல், பொருள் கைக்கு வரும்வரை தொகையை நிறுத்திவைக்கும் இணையச் சந்தைத் தளத்தின் வழியாகவோ கடன் அட்டையிலோ செலுத்துங்கள். தளத்துக்கு வெளியே கொடுத்தால் கழிவு உண்டு என்று சொல்பவர் எதற்காகக் கழிவு தருகிறார் என்று யோசியுங்கள்.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்களுக்கும் வழி இருக்கிறது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்றும், 34ஆம் பிரிவு அது விவரித்தபடி இருக்கவேண்டும் என்றும் உறுதி அளிக்கின்றன. திருப்பி எடுக்கமாட்டோம் என்று ரசீதில் அச்சடித்துவிடுவதால் இந்த உரிமை மறைந்துவிடாது. நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்றாண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும். மனு எழுதத் தயங்குவோர் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். பணத்தை வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாதவர்கள் விஷயம் வேறு; அது மோசடி, உடனே 997 என்ற எண்ணை அழைக்கவேண்டும்.

இதே படகை வாங்கியவர்கள் விற்பனையாளர் அனுப்பும் பசையை அதில் தடவவேண்டாம். தடவினால், நீங்களே பழுதுபார்த்ததால்தான் கெட்டது என்று அவர் வாதிட இடம் கிடைக்கும். ஓரப்பட்டையை விலக்கிக் குழல்கள் தெரியும்படி படம் எடுங்கள், விளம்பரப் பக்கத்தை இன்றே படம்பிடித்து வையுங்கள். என்னிடம் விற்றபோது இருந்த பக்கம் நான் புகார் எழுதிய மறுநாளே நீக்கப்பட்டுவிட்டது.