ஆப்பில் பச்சை, வயலில் வாட்டம்: மண் ஈரப்பத சென்சார் வாங்கப் போகிறவர்களுக்கு

மண் ஈரப்பத சென்சார் நான்கு, அவற்றின் தகவலை இணையத்துக்கு அனுப்பும் கேட்வே பெட்டி ஒன்று, தானாகத் திறந்து மூடும் வால்வு இரண்டு, போனில் ஓர் ஆப். இதைத்தான் ‘ஸ்மார்ட் பாசன செட்’ என்று என் தலையில் கட்டினார்கள். பொருத்த வந்தவர் அரை மணி நேரத்தில் நான்கையும் மண்ணில் குத்திவிட்டுக் கிளம்பினார். களிமண்ணா, மணலா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலை சீக்கிரம் முடிந்ததே என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

முதல் மாதம் நன்றாகத்தான் போனது. சொட்டுநீரோடு உரம் விட ஆரம்பித்த பிறகுதான் கூத்து. ஈரம் ‘போதுமானது’ என்று ஆப்பில் பச்சைக் கட்டம். வால்வு திறக்கவே இல்லை. மூன்றாம் நாள், வெயில் ஏறுவதற்கு முன்பே தக்காளிச் செடிகள் தலை தொங்கி நின்றன. நான் என்ன செய்தேன் தெரியுமா? செடியைப் பார்த்துவிட்டு மறுபடி போனைப் பார்த்தேன். பச்சை காட்டுகிறதே, வேரில் ஏதோ நோயோ என்று இன்னொரு நாளையும் ஓட்டினேன். கடைசியில் மண்வெட்டியால் ஒரு சாண் தோண்டி மண்ணை அள்ளிப் பிடித்தால், உருண்டையே சேரவில்லை. விரலிடுக்கில் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

சென்சாரைப் பிடுங்கினேன். இரண்டு உலோகக் கால்களிலும் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. அவர்கள் கொடுத்தது மின்தடையை அளக்கும் மலிவு ரகம். இரு கால்களுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று பார்த்து, அதை ஈரம் என்று கணக்குப் போடும். உர உப்பு சேர்ந்தாலும் மின்சாரம் எளிதாகத்தான் ஓடும். உப்பைப் பார்த்து ஈரம் என்று சொல்லியிருக்கிறது! இன்னொன்றின் கால் அரித்தே போயிருந்தது. அது ‘வறட்சி’ என்று காட்டியதில் அந்த மூலை வால்வு இரவெல்லாம் திறந்து கிடந்து, பாத்தி சேறானது. பெட்டியில் ஐபி 67 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். மாதக்கணக்கில் ஈர மண்ணில் கிடப்பது வேறு கதை.

விற்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, “கேலிப்ரேஷன் நீங்கதானே சார் பண்ணணும்” என்றார்கள். அதாவது, சென்சார் காட்டும் எண்ணை நம் மண்ணுக்கு ஏற்றபடி சரிபார்த்துப் பொருத்துவது. எப்படி என்று கேட்டால் பதில் இல்லை. வேறு இடத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்: ஈர மண்ணை எடை போட்டு, 105 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் உலர்த்தி, மறுபடி எடை போட வேண்டும். குறைந்த எடைதான் தண்ணீர். அதோடு சென்சார் காட்டும் எண்ணை ஒப்பிட வேண்டும்.

அப்புறம் சந்தா. வால்வைத் திறக்கும் கட்டளைகூட அவர்கள் சர்வர் வழியாகத்தான் போகிறதாம். முதல் வருடம் இலவசம் என்றவர்கள் ஆறாம் மாதமே ஆப்பைப் பூட்டினார்கள். வால்வில் கையால் திருப்ப ஒரு பிடிகூட இல்லை. குழாயை வெட்டித்தான் தண்ணீர் விட்டேன்.

வாங்கியே ஆகவேண்டும் என்றால் கபாசிட்டிவ் ரகமா (மின்தடையை அல்ல, மின்தேக்குத் திறனை வைத்து ஈரம் அளப்பது) என்று கேளுங்கள்; உப்பு அதை இவ்வளவு ஏமாற்றாது. இணையம் போனால் வால்வு என்ன ஆகும் என்பதை எழுதி வாங்குங்கள். சொட்டுவாயின் நேர் கீழே சென்சாரைக் குத்த விடாதீர்கள். அங்கே எப்போதும் ஈரம்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு இரண்டு முறை எழுதிவிட்டேன். இப்போது என் எண்ணைப் பார்த்தாலே போனை எடுப்பதில்லை.