ரெயின் கட்டர்: பிவிசியா, தகரமா, அலுமினியமா?

ஓட்டு வீட்டுக்கோ மாடியில் போட்ட ஷீட் கூரைக்கோ ரெயின் கட்டர், அதாவது கூரை ஓரத்தில் மழைநீரைப் பிடிக்கும் வாய்க்கால், மாட்டப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எது மலிவு?" என்பதைத்தான். கட்டருக்கும் அதிலிருந்து கீழே இறங்கும் குழாய்க்கும் ஒரே பொருள்தான் வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. வேண்டியதில்லை என்பது என் கட்சி. கட்டர் வெயிலில் படுத்தபடி கிடக்கிறது, மழை வந்தால் சுமையும் தாங்குகிறது. குழாய்க்குச் சுவரின் துணை இருக்கிறது. சுமையும் லேசான சுமை இல்லை. 1,000 சதுர அடி கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 4,600 லிட்டர் தண்ணீர் அந்த ஒரு வழியாகத்தான் போயாக வேண்டும்.

நம் ஊர்களில் அதிகம் கண்ணில் படுவது பிவிசி. 6 அங்குல பைப்பை நெடுக்கே இரண்டாக அறுத்து, இரும்புப் பட்டையில் தொங்கவிட்டு வேலையை முடித்துவிடுவார்கள். துருப்பிடிக்காது, உப்புக்காற்றுக்கு அஞ்சாது, தெருவில் இருக்கும் பிளம்பரே செய்துவிடுவார். சிக்கல் வெயிலில்தான். வெப்பம் 30 டிகிரி ஏறினால் 10 மீட்டர் பிவிசி சுமார் 2 செ.மீ. நீளும். அதே நீள அலுமினியம் 7 மி.மீ., இரும்பு 4 மி.மீ.க்கும் குறைவுதான். எல்லா இணைப்பையும் பசை போட்டு இறுக்கிவிட்டால் அந்த 2 செ.மீ. எங்கே போகும்? பைப் வளையும், இல்லாவிட்டால் இணைப்பு விடும். பிராக்கெட்டுகளை எட்ட எட்ட அடித்திருந்தால் நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கும், அங்கே கொசு முட்டையிடும். சில வருட வெயிலுக்குப் பிறகு பைப்பின் மேல் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள், வெள்ளை மாவாக ஒட்டும். அந்த நிலையில் ஒரு தென்னை மட்டை விழுந்தால் பட்டென்று உடைந்துவிடும். பிவிசிதான் என்று முடிவு செய்துவிட்டால், கட்டராகவே வார்த்து வரும் யுபிவிசியை (கெட்டி வகை பிவிசி), ரப்பர் கேஸ்கெட் இணைப்போடு வாங்குங்கள். இரண்டடிக்கு ஒரு பிராக்கெட் வேண்டும். இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

ஜிஐ தகரத்தில் மட்டை விழுந்தால் நெளியும், உடையாது. அதன் உயிர் மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சில் இருக்கிறது. சேலம், ஈரோடு, மதுரைப் பக்கம் நன்றாகவே உழைக்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னையில் கடலை ஒட்டிய தெருக்கள் என்றால் நான் சாதா ஜிஐயை வேண்டாம் என்றே சொல்வேன். கூரை ஷீட் விற்கும் இடத்திலேயே அதே நிறத்தில் மடித்துத் தரும் கேல்வல்யூம் (அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய இரும்புத் தகடு) கட்டர் இதைவிடத் தேவலை. ஆனால் வெட்டிய ஓரத்தைக் கவனியுங்கள். அங்கே பூச்சு இல்லை, வெறும் இரும்பு வெளியே தெரியும். துரு அங்கே தொடங்கி பெயின்டுக்கு அடியில் ஊர்ந்து, கொப்புளமாகக் கிளம்பும். ஓரத்தை உள்பக்கம் மடித்து, வெட்டிய இடத்தில் டச்-அப் பெயின்ட் அடித்துத் தரச் சொல்லுங்கள்.

கடலோர வீட்டுக்கு என் ஓட்டு அலுமினியத்துக்கு. இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. எடை குறைவு என்பதால் பழைய ஓட்டுக்கூரையின் மரச்சட்டமும் தாங்கும். பெரிய ஊர்களில் மிஷினை வாசலுக்கே கொண்டுவந்து, வீட்டின் நீளத்துக்கு இணைப்பே இல்லாமல் இழுத்துத் தருகிறார்கள். ஒழுகுவது பெரும்பாலும் இணைப்பில்தான் என்பதால் அது பெரிய லாபம். விலை மற்ற இரண்டையும்விட அதிகம். ஏணியைச் சாய்த்தால் நசுங்கும். சாதாரண இரும்பு ஸ்குரூ போட்டால் உப்புக்காற்றில் அந்த இடம் அரித்துவிடும், அலுமினிய ரிவிட் கேளுங்கள். ஈரச் சிமெண்ட் கலவையும் அலுமினியத்துக்கு ஆகாது. பூச்சு வேலை முடிந்த பிறகே மாட்டுங்கள்.

செம்பு நீடித்து உழைக்கும், ஆனால் விலையும் திருட்டு பயமும் அதைச் சாதாரண வீட்டுக்கு எட்டாததாக்கிவிடுகின்றன. வார்ப்பிரும்புக் குழாய் பழைய கட்டடங்களோடு போய்விட்டது.

இறங்கு குழாய்க்கு வந்தால், தயங்காமல் பிவிசி. ஐஎஸ் 13592 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள எஸ்டபிள்யூஆர் (கழிவுநீர், மழைநீர் இறக்கும்) பைப்பில் டைப் ஏ மழைநீருக்கானது. டைப் பி கழிவுநீருக்கானது, கனமும் கூடுதல். வண்டி நிறுத்தும் பக்கமாக இறங்கினால் அடியில் நான்கடிக்கு டைப் பி போடுவது நல்லது, ஹேண்டில் இடித்தாலும் தாங்கும். 75 மி.மீ. போதும் என்பார்கள். வேப்பிலையும் புளிய இலையும் விழும் வீட்டில் 110 போடுங்கள். மேற்குச் சுவர் என்றால் பைப்புக்கும் பெயின்ட் அடித்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். அதனால் இந்தக் குழாய் எப்படியும் கிணற்றுக்கோ தொட்டிக்கோ போகும். அடியில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) வைத்து மூடி போட்டுவிடுங்கள், முதல் மழையின் அழுக்கைத் திறந்து வெளியே விடலாம். அந்தத் தண்ணீரைச் சமையலுக்கும் எடுப்பதாக இருந்தால், ஈயம் பற்றவைத்த தகரக் கட்டர் கூடவே கூடாது.