ஸ்ட்ரட் நட் லூஸ்: பழையதையே இறுக்கவா, புதுசு போடவா?

பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பிக்கப்பின் முன்பக்கம் 'டொக் டொக்' என்கிறதா? ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும், அதிர்வை அடக்கும் டேம்பரும் சேர்ந்த முன்சக்கரத் தூண்) மேல் நட்டைப் பாருங்கள்.

செலவு: இறுக்கினால் ஒன்றுமில்லை. புது நட்டும் சொற்பம்தான்.

ஆயுள்: இது பெரும்பாலும் தானே பூட்டிக்கொள்ளும் நட். ஒருமுறை தளர்ந்தால் பிடிப்பு குறையும், மறுபடி கழலும். புதியது நிற்கும்.

சுலபம்: இறுக்கும்போது ஸ்ட்ரட்டின் நடுத்தண்டும் கூடவே சுற்றும், அதை ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) பிடித்துக்கொள்ளுங்கள். இம்பாக்ட் கன் (அடித்து அடித்து இறுக்கும் மெஷின்) வேண்டாம், டேம்பர் கெடும். மாற்றுவதுதான் ஆபத்தான வேலை. ஸ்பிரிங்கை, அதை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரசரால் அடக்காமல் நட்டைக் கழற்றினால் ஆளையே அடித்துவிடும். அந்தக் கருவி இல்லையா, சரி, மெக்கானிக்கிடம் விடுங்கள்.

வழியில் சத்தம் வந்தால் இறுக்கி, வீடு வரை ஓட்டலாம். பாரம் ஏற்றும் வண்டிக்குப் புது நட், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பானர்) இரண்டும் வேண்டும். தண்டின் மரையே தேய்ந்திருந்தால் ஸ்ட்ரட்டைத்தான் மாற்ற வேண்டும்.