மூலக்கூறு மாதிரிப் பெட்டி: உருண்டைகள் அருமை, கையேட்டை எடுத்து வைத்துவிடுங்கள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு முன்னறைக்கு மாலை ஆறு மணிக்கு ஒன்பது பிள்ளைகள் டியூஷனுக்கு வருகிறார்கள். எல்லாரும் பத்தாம் வகுப்பு. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம், வீட்டில் தமிழ். அவர்களுக்காகத்தான் போன மாதம் மெட்ரோவில் சிக்பேட்டைக்குப் போய், அவென்யூ ரோடில் ஒரு கடையில் இந்தப் பெட்டியை வாங்கினேன். விலை 680 ரூபாய்.

உள்ளே கருப்பு உருண்டை கார்பன், வெள்ளை ஹைட்ரஜன், சிவப்பு ஆக்சிஜன், நீலம் நைட்ரஜன், பச்சை குளோரின். 1865இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பேசிய வேதியியலாளர் ஹாஃப்மன், குரோக்கே விளையாட்டின் பந்துகளுக்கு இதே நிறங்களைப் பூசித்தான் மூலக்கூறுகளைக் காட்டினார். ஆனால் அவருடைய மீத்தேன் தட்டையாக இருந்தது. இந்தப் பெட்டியில் கார்பனில் குச்சி செருகும் நாலு ஓட்டைகளும் நாலு திசையில், 109.5 டிகிரி இடைவெளியில் இருக்கின்றன. புத்தகத்தில் கூட்டல் குறி மாதிரி மீத்தேனைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள், அது மேசையில் மூன்று காலில் நின்றதும் கத்தியே விட்டார்கள். இந்த ஒன்றுக்காகவே 680 கொடுக்கலாம்.

சிக்கல் கையேட்டில் இருக்கிறது. ஓர் உருண்டையில் எத்தனை ஓட்டையோ, அந்த அணுவின் வெளிக்கூட்டில் அத்தனை எலக்ட்ரான் என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். தவறு. கார்பனுக்கு வெளிக்கூட்டில் நாலு, ஓட்டையும் நாலு, அதனால் சரி போலத் தெரிகிறது. நைட்ரஜனை எடுத்ததும் ஒரு பெண் பிடித்துவிட்டாள்: “மிஸ், இதுக்கு அஞ்சு எலக்ட்ரான்தானே? ஏன் மூணு ஓட்டை?” குளோரினுக்கு ஏழு, ஓட்டை ஒன்றுதான். ஓட்டை சொல்வது இருப்பை இல்லை, குறையை. வெளிக்கூடு நிறைய எட்டு எலக்ட்ரான் வேண்டும்; அந்த எட்டை எட்ட இன்னும் எத்தனை வேண்டுமோ, அத்தனை ஓட்டை. நைட்ரஜனுக்கு மூன்று, ஆக்சிஜனுக்கு இரண்டு, குளோரினுக்கு ஒன்று. ஹைட்ரஜனுக்கு மட்டும் இரண்டே நிறைவு, அதனால் அதற்கும் ஒன்று.

இதைப் புரியவைக்க, அம்மா திருப்பத்தூரிலிருந்து கொண்டுவந்த பல்லாங்குழியை இறக்கினேன். நடுக்குழி நைட்ரஜன்: ஐந்து புளியங்கொட்டை. இடம், வலம், எதிர் என மூன்று குழியும் ஹைட்ரஜன்: ஆளுக்கு ஒரு சோழி. குழிகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு மேட்டிலும் ஒரு கொட்டையும் ஒரு சோழியும் வைக்க வேண்டும். மேட்டில் இருப்பது இரண்டு பக்கத்துக்கும் சொந்தம். நைட்ரஜன் பக்கம் எண்ணினால் குழியில் இரண்டு, மூன்று மேட்டிலும் ஆறு, ஆக எட்டு. ஹைட்ரஜன் பக்கம் எண்ணினால் மேட்டில் இருக்கும் இரண்டு. அம்மோனியா ஆகிவிட்டது. 1916இல் வேதியியலாளர் லூயிஸ் சொன்ன சகப்பிணைப்பு இதுதான்: இரண்டு அணுக்கள் ஒரு ஜோடி எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்வது. பெட்டியிலுள்ள சாம்பல் நிறக் குச்சி ஒவ்வொன்றும் அந்த மேட்டு ஜோடி என்று சொன்ன பிறகுதான் பிள்ளைகள் குச்சியை மரியாதையோடு தொட்டார்கள்.

அப்புறம், குழியிலேயே தங்கிவிட்ட அந்த இரண்டு கொட்டை. பெட்டியில் அவற்றுக்கு இடமே இல்லை, இது எனக்குப் பெரிய குறை. தண்ணீருக்குச் சிவப்பு உருண்டையில் இரண்டு ஓட்டை மட்டும் இருக்கிறது. பகிராத இரண்டு ஜோடிகள் எங்கே என்று தெரியாமல் தண்ணீர் ஏன் வளைந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? நான் சப்பாத்தி மாவை இரண்டு உருண்டையாகப் பிடித்து ஆக்சிஜன்மேல் ஒட்டினேன். அந்த ஜோடிகள் நெருக்குவதால்தான் கோணம் 104.5 டிகிரிக்குக் குறைகிறது.

இதைவிட மோசம், ஊதா நிறச் சோடியம். அதிலும் ஓர் ஓட்டை போட்டிருக்கிறார்கள். குச்சியைச் செருகிப் பச்சையோடு சேர்த்தால் உப்பு என்கிறது கையேடு. உப்பில் பகிர்வு இல்லை. சோடியம் தன் கடைசி எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. எதிரெதிர் மின்சுமைகள் ஈர்த்து, ஒவ்வொன்றையும் சுற்றி மற்றது ஆறு என்று படிகமாக அடுக்கிக்கொள்கின்றன. தனி ஜோடியாக உப்புப் படிகத்தில் எதுவும் இல்லை. ஊதா உருண்டைகளை நான் எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டேன்.

வளையும் குச்சிகள் நல்ல தரம். நைட்ரஜன் மூலக்கூற்றுக்கு மூன்று குச்சி செருகிவிட்டுப் பிரிக்கச் சொன்னேன். ஒரு பையன் முகம் சிவக்க இழுத்தும் வரவில்லை. காற்றில் 78 சதவீதம் இருந்தும் நைட்ரஜன் சுலபமாக எதோடும் சேராததற்கு அந்த மும்மைப் பிணைப்பின் வலிமைதான் காரணம் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

இரண்டு வெள்ளை உருண்டைகளில் ஓட்டை ஆழமில்லை, குச்சி நிற்கவில்லை. கடைக்காரர் பேசாமல் மாற்றிக் கொடுத்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள், முதல் நாள் மட்டும் பெட்டியைத் திறக்காமல் கொட்டையும் சோழியுமாக எண்ண விடுங்கள். ஒன்பது பேருக்கு ஹைட்ரஜன் போதவில்லை, அடுத்த வாரம் இன்னொரு பெட்டி வாங்கப் போகிறேன்.