செர்ட்பாட்டா, கேடியா, காசு கொடுத்து வாங்கும் சான்றிதழா?

இணையதளத்தை எச்டிடிபிஎஸ்ஸில் ஓட்டத் தேவையான சான்றிதழை எடுப்பது இப்போது பெரிய வேலையே இல்லை. அதைக் காலாவதியாக விடாமல் காப்பாற்றுவதுதான் வேலை. சான்றிதழ் எடுத்துத் தரும் கருவியான செர்ட்பாட், அதைத் தானே பார்த்துக்கொள்ளும் வெப்சர்வரான கேடி, காசு கொடுத்து வாங்குவது என்ற இந்த மூன்றையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

காசு கொடுத்து வாங்குவதை முதலில் முடித்துவிடலாம். இலவசச் சான்றிதழைவிடக் குறியாக்கம் இதில் ஒரு துளியும் கூடுதல் இல்லை. நிறுவனத்தையும் சரிபார்த்துத் தரும் ஈவி வகைக்கு முகவரிப் பட்டையில் நிறுவனப் பெயர் தெரிந்த காலமும் போயாச்சு. 2019இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதை எடுத்துவிட்டன. ஒப்பந்தத்தில் கேட்டிருந்தால் வாங்குங்கள். ஆனால் கையால் மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 2026 மார்ச் 15 முதல் சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 200 நாள். 2027 மார்ச்சில் 100, 2029 மார்ச்சில் 47.

என்ஜின்எக்ஸ் வெப்சர்வர் ஏற்கெனவே ஓடுகிறது, பழைய ரீடைரக்ட் விதிகள் குவிந்து கிடக்கின்றன என்றால் செர்ட்பாட்தான். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சேவை தரும் 90 நாள் சான்றிதழை அதன் டைமரே புதுப்பித்துவிடும். வம்பு அதற்கப்புறம்தான். வெப்ரூட் முறையில் (தளத்தின் ஃபோல்டரில் ஒரு சோதனைக் கோப்பை வைத்து) எடுத்திருந்தால், டிஸ்கில் புதுக் கோப்பு வந்த பிறகும் என்ஜின்எக்ஸ் நினைவகத்தில் இருக்கும் பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும். புதுப்பித்ததும் தானே ஓடும் டெப்ளாய் ஹூக்கில் ரீலோட் கட்டளையைப் போட்டால்தான் தீரும். இன்னொன்று: உங்கள் சான்றிதழை பிரவுசர் நம்பும் மூலத்தோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழும் சேர்ந்த ஃபுல்செயின் கோப்புக்குப் பதில் வெறும் செர்ட் கோப்பைக் காட்டினால் உங்கள் பிரவுசரில் எல்லாம் சரியாகவே தெரியும், கட்டளை வரிக் கருவியான கர்ல் மட்டும் முரண்டு பிடிக்கும். இடைநிலைச் சான்றிதழை பிரவுசர் தானே தேடிப் பிடித்துக்கொள்வதால் வரும் ஏமாற்று இது.

புது சர்வர் என்றால் என் ஓட்டு கேடிக்கு. அதன் அமைப்புக் கோப்பான கேடிஃபைலில் டொமைன் பெயரும், கோரிக்கையை உள்ளே ஓடும் ஆப்புக்கு அனுப்பும் ரிவர்ஸ் பிராக்ஸி வரியும் போதும். சான்றிதழ், புதுப்பிப்பு, எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்புவது எல்லாம் அதன் பொறுப்பு. டாக்கரில் ஓட்டினால் மட்டும் டேட்டா ஃபோல்டரை, கன்டெய்னர் அழிந்தாலும் நிற்கும் வால்யூமில் வையுங்கள். இல்லாவிட்டால் கன்டெய்னரை அழித்து எழுப்பும்போதெல்லாம் புதுச் சான்றிதழ் கேட்கும். லெட்ஸ் என்கிரிப்டோ அதே பெயர்களுக்கு வாரத்தில் 5 தான் தரும்.

எல்லா சப்டொமைன்களுக்கும் ஒரே சான்றிதழான வைல்ட்கார்டு வேண்டுமென்றால் செர்ட்பாட் கொஞ்சம் முந்துகிறது. டொமைன் உங்களுடையது என்று டிஎன்எஸ் பதிவு வழியாகத்தான் நிரூபிக்க வேண்டும். அதற்கான பிளகின்னைச் சேர்த்து கேடியைத் தனியாக பில்ட் செய்ய வேண்டியிருக்கும். எதில் செய்தாலும் சர்வரில் வைக்கும் டிஎன்எஸ் டோக்கனுக்கு அந்த ஒரு ஜோனுக்கு (டொமைனுக்கு) மேல் அனுமதி தராதீர்கள்.

காலாவதித் தேதியை வெளியிலிருந்து பார்க்கும் மானிட்டர் ஒன்றும் தேவை. லெட்ஸ் என்கிரிப்ட் அனுப்பிவந்த நினைவூட்டல் மின்னஞ்சல் 2025 ஜூனோடு நின்றுவிட்டது.